பகடைக்கு முன்னால் சொல்வது

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் கும்மிடிப்பூண்டியில் இருப்பதில்லை. உடம்பு மட்டும் பாயில் கிடக்கும். என் வீட்டுக்காரர் செல்போனை டிவியோடு இணைத்துவிடுவார். எங்கோ ஒரு நாட்டில் ஏழெட்டுப் பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷத்தை மனசுக்குள் போட்டுக்கொண்டு, மணிக்கணக்காகக் கதை பேசுவார்கள். கோட்டை, காடு, டிராகன் எல்லாம் பேச்சிலேயேதான். திரையில் அவர்கள் முகமும் தண்ணீர் பாட்டிலும் தவிர ஒரு மண்ணும் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் தாங்கள் செய்யப்போவதைச் சொல்லிவிட்டு, இருபது முகம் உள்ள பகடையை உருட்டுவார்கள். பெரிய எண் விழுந்தால் நினைத்தது நடக்கும். சின்ன எண் என்றால் அதோகதி.

வாரம் முழுக்க ரோலிங் மில் இரைச்சலில் நிற்கிறவருக்கும், பேக்கிங்கில் அட்டைப்பெட்டி மடித்தே விரல் தேய்ந்த எனக்கும் அந்தக் குரல்கள் தாலாட்டு மாதிரி. பாதிக் கண் மூடியிருக்கையில் ஹைவேயில் போகிற லாரிச் சத்தம் அந்தக் கதையின் ஆறாகிவிடும். நான் அதன் கரையோரமாகவே நடந்து போய்க்கொண்டிருப்பேன். அங்கே இருக்கும்வரை, வீட்டில் யாரும் பேசாத விஷயம் ஞாபகத்துக்கு வராது.

பேசாத விஷயம் இதுதான்: எனக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. "உடம்பு நல்லாத்தான் இருக்கு, இனி நீங்கதான் முடிவு பண்ணணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குக் குழந்தை வேண்டும். கொள்ளை ஆசை. இவரோ அந்தப் பேச்சை எடுத்தாலே சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார். கடையில் அப்படி என்னதான் வாங்குவாரோ! வீட்டில் தீப்பெட்டி குவிந்து கிடக்கிறது.

அப்போது திருவாலங்காட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் மாமியார் வந்திருந்தார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். "நம்ம ஊரு அம்மன்கிட்ட பூ கட்டிப் பாத்துடலாம்" என்றார். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சந்நிதியில் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வோம். சிவப்பு வந்தால் அம்மன் உத்தரவு. வெள்ளை வந்தால் வேண்டாம். இவர் உடனே தலையை ஆட்டிவிட்டார். முடிவை அம்மன் தலையில் கட்டிவிட்டால் தப்பித்தோம் என்று நினைப்பு.

அந்த ஞாயிறு அத்தையும் எங்களோடு டிவி முன்னால் உட்கார்ந்தார்.

"இன்னா நைனா இது? பேசிக்கினே கீறாங்க. கதை எப்போ ஆரம்பிக்கும்?" என்று மகனைக் கேட்டார்.

"இதான்மா கதை."

இவர் தமிழில் சொல்லச் சொல்ல, அத்தை வாயில் ஈ போவதுகூடத் தெரியாமல் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பகடை உருளும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதுவும் நம் பூப்பொட்டலம் மாதிரி சாமி உத்தரவுதான் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார்.

கதையில் ஒரு பெண் பெரிய பள்ளத்தின் விளிம்பில் நின்றாள். "தாண்டுறேன்" என்றாள். பகடையில் விழுந்தது மூன்று. அவளும் விழுந்தாள்.

"ஐயய்யோ! உத்தரவு வர்றதுக்கு முன்னாடியே இவ ஏன் தாண்டறேன்னா? போட்டுப் பாத்துட்டு இல்ல சொல்லணும்?" என்று அத்தை பதறினார்.

"இல்ல அத்தே. மொதல்ல வாயத் தொறந்து சொல்லணும். அப்புறம்தான் போடவே வுடுவாங்க."

"இப்ப வுழுந்துட்டாளே!"

"கூட கீறவங்க கயிறு கட்டி எறங்கறாங்க, பாருங்க."

ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் இருட்டுக்குள் இறங்கினார்கள். அத்தை டிவிக்கு இன்னும் கிட்டத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். நான் தூங்கிப்போனேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனோம். அத்தை பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டார். யார் வீட்டுப் பெண் குழந்தையோ, ஒன்றை எடுத்து நீட்டியது. அந்தத் தம்மாத்தூண்டு கையை விட மனசில்லாமல் பொட்டலத்தை வாங்கினேன். பிரித்தால், வெள்ளை.

"சரிம்மா. அவ்ளோதான், கெளம்பலாம்" என்று இவர் திரும்பிவிட்டார்.

"நில்றா" என்றார் அத்தை. "தாயே, கோச்சிக்காத. தப்பு எம்மேலதான். இதுங்க ரெண்டும் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே பூவப் போட்டுட்டேன்." பிறகு என்னைப் பார்த்தார். "நீ சொல்லு கண்ணு. உனக்கு இன்னா வேணும்?"

"கொழந்த வேணும் அத்தே." கோயில் என்றும் பார்க்காமல் கத்தியே விட்டேன்.

"உனக்கு?" என்று மகனைக் கேட்டார்.

"மறுபடியும் போயிடுச்சுன்னா இன்னாம்மா பண்றது?"

"போனா மூணு பேரும் சேந்து அழுவோம். நான் அதக் கேக்கல. உனக்கு வேணுமா, வேணாமா?"

இவர் தூணையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு முறையும் ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர்.

"வேணும்மா" என்றார். குரல் உடைந்துவிட்டது. "ரெண்டாவதுக்கு நான் பேருகூட வெச்சிட்டேன். கம்பெனி பஸ்ல போவசொல்ல, மனசுக்குள்ள கூப்ட்டுக்கினே போவேன்."

எனக்கு அதுவரை தெரியாது. "இன்னா பேரு?" என்று கேட்டேன். சொன்னார். அங்கேயே நின்று, மூன்று பேரும் அந்தப் பேரை ஒரு தடவை வாய்விட்டுக் கூப்பிட்டோம்.