பின்னுக்குச் சாய்ந்த அன்னம்மா

கணினியில் எத்தனையோ தமிழ் எழுத்துருக்கள் கிடந்தாலும் எனக்கு அந்தத் தடித்த சாய்வெழுத்தில்தான் பைத்தியம். நல்ல கொழுத்த எழுத்து, ஆனால் சோம்பேறி இல்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவனைப் போல வலப்பக்கம் சாய்ந்து நிற்கும். மற்றத் தடித்த எழுத்துகளில் 'ன', 'ண' எல்லாம் சுழி அடைபட்டு மூச்சு முட்டிக் கிடக்கும். இதில் ஓட்டைகள் பளிச்சென்று திறந்திருக்கும். வீதிக்கு அந்தப் பக்கம் நின்றே வாசிக்கலாம்.

நாட்டில் சண்டை முடிந்து கொஞ்சக் காலத்தில் கற்பிட்டியில் ஸ்டிக்கர் வெட்டும் கடை போட்டேன். ஆட்டோவுக்கு, கிரிக்கெட் கழகத்துக்கு, மலிவு விற்பனைப் பலகைக்கு எல்லாம் அந்த எழுத்துதான். மரண அறிவித்தலுக்கு மட்டும் போடமாட்டேன். போட்டால் செத்தவர் எழும்பி ஓடிவிடுவார்!

கூலிக்குக் கடலுக்குப் போய்வந்த ஒருவன் முதன்முதலாகச் சொந்தப் போட் எடுத்தான். இரண்டு பக்கமும் தான் கும்பிடும் புனிதையின் பேரை, 'தலவில அன்னம்மா' என்று அந்த எழுத்தில் வேண்டும் என்றான். அவன் மனைவிக்குப் போட் எடுத்ததே பிடிக்கவில்லை. அவளுடைய தகப்பனைக் கடல் கொண்டுபோயிருந்தது. பின்னேரம் பாதர் வந்து ஆசீர்வதிக்க இருந்ததால் நானே கரைக்குப் போய் ஒட்டினேன். போட் கடலைப் பார்த்து நின்றது. வலப்பக்கம் ஒட்டியதும், "சோக்கா இருக்கக்கா" என்று சிரித்தான். இடப்பக்கம் ஒட்டியதும் அவன் முகம் கறுத்துவிட்டது.

"என்னக்கா, இந்தப் பக்கம் பின்னுக்குச் சாயுது? பெயின்ட்டால எழுதுற ஆக்கள் ரெண்டு பக்கமும் முன்னுக்குத்தான் சரிச்சு எழுதுவாங்க. இத வச்சிக்கொண்டு நான் கடலுக்கு எறங்கமாட்டன்."

அட கடவுளே! கணினி எழுத்து எங்கே ஒட்டினாலும் வலத்துக்கேதான் சாயும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. கடைக்கு ஓடிப்போய், இடப்பக்கம் சாய்த்து வெட்டிக்கொண்டு வந்து பிடித்துக் காட்டினேன். குடிவெறியில் மல்லாக்க விழப்போகிறவனைப் போல இருந்தது. என் அருமையான எழுத்தை இப்படிக் கேவலப்படுத்திவிட்டேனே என்று எனக்கு அழுகையே வந்தது.

"பரவாயில்ல, அதையே ஒட்டுங்க" என்றான்.

பழையதை உரிக்க நகத்தை வைத்தேன். பிள்ளையை இடுப்பில் வைத்தபடி தள்ளி நின்ற மனைவி வந்து என் கையைப் பிடித்தாள்.

"உரிக்காதீங்கக்கா. அப்பாட வள்ளத்தில ரெண்டு பக்கமும் கடலப் பாத்துத்தான் சரிஞ்சிருந்திச்சி. இதில ஒரு பக்கமாவது வீட்டப் பாக்கட்டும்."

அவன் குனிந்து, நான் நகத்தால் கிளப்பியிருந்த ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினான்.