எங்கள் வயலுக்கு மேலே போகும் கரண்ட்

வத்திராயிருப்பில் எங்கள் வயலின் நடுவே ஒரு டவர் நிற்கிறது. அதன் கம்பியில் கரண்ட் தெற்கே போகிறது. இனி அதைக் கடலுக்கு அடியில் கேபிள் போட்டுப் பக்கத்து நாட்டுக்கும் அனுப்பப் போகிறார்களாம். அதை விளக்க ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண்டபத்துக்கு விவசாயிகளைக் கூப்பிட்டிருந்தார்கள்.

போக எனக்கு நேரமே இல்லை. நெல் பால் பிடிக்கிற பருவம். ஒரு மணியை நகத்தால் கிள்ளினால் பால் வர வேண்டும். அப்போது தண்ணீர் தப்பினால் அத்தனையும் சாவி, வெறும் பதர், உள்ளே அரிசி இருக்காது. கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது. மோட்டார் ஓடத்தான் த்ரீ பேஸ் கரண்ட் இல்லை. முறை வைத்து வரும், வந்த வேகத்தில் போய்விடும். மற்ற நேரமெல்லாம் வீட்டு விளக்குக்கான டூ பேஸ்தான். நேரிலேயே கேட்டுவிடுவோம் என்று பஸ் ஏறினேன்.

மண்டபத்தில் ஏசி ஓடியது. நம்மிடம் மிஞ்சும்போது அவர்களுக்குக் கொடுப்போம், நமக்குக் குறையும்போது அவர்கள் கொடுப்பார்கள் என்றார் அதிகாரி. நல்ல விஷயம்தான். அங்கே விளக்கு எரிவதில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சலும் இல்லை. ஆனால் மிஞ்சுகிறது என்றாரே, அதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மிஞ்சுதுன்னு சொல்லுதீகளே சார், எங்க மோட்டாருக்கு மட்டும் ஏன் வர மாட்டேங்கு?"

"அது வேற லைன்ம்மா. வேற டிபார்ட்மெண்ட். இந்தக் கூட்டத்துக்குச் சம்பந்தமில்ல."

என் வயலில் இவர்கள் டவர் நிற்கலாம். என் கேள்விக்குத்தான் இங்கே இடமில்லை.

அந்நேரம் பார்த்து வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டார். "ஏட்டி, டூ பேஸ்லயே கண்டன்சர் போட்டு ஓட்டிப் பாத்தேன். மோட்டார் காயில் எரிஞ்சு போச்சு."

எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற திருட்டு வேலைதான் அது. மோட்டார் சுற்றும், சில சமயம் எரியும்.

"செத்த நேரம் பொறுக்க மாட்டீகளா?" அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்.

"நான் பொறுப்பேன். பயிர் பொறுக்குமா?"

அவரைத் திட்டி என்ன செய்ய? திட்ட வேண்டியவர் மேடையில் அடுத்த படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

ராஜபாளையத்தில் மோட்டாரைக் காயில் கட்டக் கொடுத்தோம். கடையில் எங்களுக்கு முன்னால் எரிந்த மோட்டார்கள் வரிசையாகக் கிடந்தன, எல்லாம் இதே கதை. ஒருவழியாக மோட்டார் திரும்பி வந்த அன்று, டவர் அடியில் நின்று ஒரு மணியைக் கிள்ளினேன். நகம் நனையவில்லை. அடுத்த கதிரிலும் பால் இல்லை. தலைக்கு மேலே கம்பி உம்மென்று இரைந்துகொண்டிருந்தது.

கிணற்றடியிலிருந்து வீட்டுக்காரர் சத்தம் கொடுத்தார். "த்ரீ பேஸ் வந்துட்டு. மோட்டாரப் போடவா?"