வலப்பக்கக் கதிரை

கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு செத்தவீடு என்றால் வட்டக்கச்சிக்கு ஆள் வந்துவிடும். மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தி, "ரீச்சர், ஒருக்கா வந்து தேவாரம் பாடவேணும்" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். கஜேந்தினி ரீச்சர் மறுத்ததில்லை. சுருதிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறிவிடுவாள். அதுவரை அழாமல் விறைத்துப்போயிருந்த பெண்சாதிகூட அவள் பாடத் தொடங்கினால் வாய்விட்டு அழுதுவிடுவாள் என்று ஊரில் பெயர்.

அதே ஊரில் கலியாணவீடு என்றால் அந்த வாசலுக்கு ஒரு சைக்கிளும் திரும்பாது. காரணத்தை யாரும் அவளுடைய முகத்துக்கு நேரே சொன்னதில்லை. தள்ளி நின்று சொன்னார்கள். தள்ளி நின்று சொல்வதெல்லாம் கண் தெரியாதவளுக்குத்தான் நன்றாகக் கேட்கும் என்பது நம் சனத்துக்கு இன்றுவரை தெரியாது. முழிவியளம் சரியில்லையாம். நல்ல காரியத்துக்குப் போகும்போது யாருடைய முகத்தில் முழிக்கிறோம் என்று பார்க்க வேண்டுமாம். பார்வையில்லாதவள், போதாக்குறைக்குக் கலியாணமும் ஆகாதவள், மணவறைக்குப் பக்கத்தில் இருக்கலாமா? செத்தவர் முழிவியளம் பார்ப்பதில்லை. அதனால் அவருக்கு ரீச்சர் பாடலாம்.

கஜேந்தினிக்கு இரண்டு வயதில் சின்னமுத்துக் காய்ச்சல் வந்து பார்வை போனது. தகப்பன் சிற்றம்பலம், யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்து காடு வெட்டிக் கழனியாக்கிய குடும்பத்து மனிதர். இரணைமடு வாய்க்கால் தண்ணீரையும் நெல்லையும் தவிர வேறு ஒன்றும் தெரியாதவர்தான். ஆனாலும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு போய் யாழ்ப்பாணத்தில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அங்கே பிறெயிலும் சங்கீதமும் படித்தாள். பல்கலைக்கழகம் போய்ப் பட்டமும் எடுத்தாள். ஆசிரிய நியமனத்துக்கு நேர்முகப் பரீட்சை நடத்திய அதிகாரி, "கரும்பலகையிலை எப்பிடி எழுதுவீங்கள்?" என்று கேட்டார்.

"சங்கீதத்தைப் பிள்ளையளின்ரை வாயிலைதான் எழுதவேணும், சேர். கரும்பலகை பாடாது" என்றாள். நியமனம் கிடைக்க அதற்குப் பிறகும் நான்கு வருஷம் ஆனது.

அந்த நான்கு வருஷத்தில்தான் அவள் வாய்க்காரி ஆனாள். மிருதங்கம் வாசிக்கும் நல்லதம்பி அண்ணையையும் சேர்த்துக்கொண்டு மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஓர் இசை ஒன்றியம் தொடங்கினாள். நல்லதம்பிக்கு இரண்டு காலும் முழங்காலோடு இல்லை. சக்கரக் கதிரையில் இருந்துதான் வாசிப்பார். கோயில் திருவிழாவோ கலைவிழாவோ, இவர்களுக்கென்று பின்னேரம் மூன்று மணிக்கு, வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில், ஒரு 'விசேட நிகழ்ச்சி' ஒதுக்குவார்கள். கேட்பதற்கு ஆள் இருக்காது. முடிந்ததும் பொன்னாடை போர்த்துவார்கள். அலுமாரியில் பொன்னாடை இருபத்திமூன்று சேர்ந்ததும் அவள் ஒரு விழாக் குழுவிடம் போய், "போர்வை காணும். ஆறு மணி மேடையைத் தாங்கோ. நல்லதம்பி அண்ணை ஏறுறதுக்குப் படிக்குப் பக்கத்திலை ஒரு சரிவும் கட்டுங்கோ. பிழையாப் பாடினா இறக்கி விடுங்கோ" என்றாள். குழுத் தலைவருக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆனாலும் அடுத்த வருஷம் ஆறு மணி கிடைத்தது. சரிவைப் பலகையில் அடித்துக் கொடுத்தார்கள். அது ஆடியது, இருந்தாலும் நல்லதம்பி ஏறினார்.

ஒவ்வொரு மேடையிலும் பாடத் தொடங்க முன்னர் அவள் தங்கச்சி யதுர்ஷிகாவிடம் ஒன்றைக் கேட்பாள். "யது, சனம் எத்தினை?"

பதினொரு வயது இளையவள் யது. அவள் எண்ணிச் சொல்வாள். ஒரு முறை அறிவிப்பாளர், "மண்டபம் நிறைந்திருக்கிறது, எல்லோரும் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று ஒலிவாங்கியில் முழங்கினார். யது அக்காவின் காதில், "பதினேழு பேர். அதிலை ரெண்டு பேர் நித்திரை" என்றாள். கஜேந்தினி சிரித்துவிட்டாள். அன்றைக்கு அந்தப் பதினைந்து பேருக்காக அவள் பாடியதுபோல நிறைந்த சபையிலும் பாடியதில்லை.

"எல்லாரும் எண்டு ஆரும் சொன்னா நம்பாதேங்கோ அக்கா. அவை எண்ணேல்லை எண்டு அர்த்தம்" என்பாள் யது.

இந்த வழக்கம் மேடையில் தொடங்கவில்லை. இரண்டாயிரத்தொன்பதில், சனம் முழுக்கக் கடற்கரையை நோக்கி ஓடிய நாள்களில், கஜேந்தினியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது பதினொரு வயது யதுதான். தகப்பன் மூட்டையையும் தம்பி லக்ஷனையும் பார்த்துக்கொண்டார். ஷெல் விழுந்து எல்லோரும் சிதறி மறுபடி சேர்ந்தபோது தாயின் சத்தத்தைக் காணவில்லை. அம்மா எங்கே என்று கஜேந்தினி கேட்டாள். பின்னால் வாறா, சனத்துக்குள் நிற்கிறா, நடவுங்கோ என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கண் தெரியாதவளிடம் பொய் சொல்வது அவர்களுக்குப் புண்ணியமாகப் பட்டிருக்கும். கையைப் பிடித்திருந்த சின்ன விரல்கள் இறுகின. "அம்மா வரேல்லை அக்கா. இனி வரமாட்டா. நான் பாத்தனான்" என்றது பிள்ளை.

அந்தச் சொல்லைக் கேட்ட இடத்தில் கஜேந்தினி நின்று அழுதாள். ஆனால் அன்றிலிருந்து உலகத்தில் ஒருத்தி எனக்கு உள்ளதை உள்ளபடி சொல்வாள் என்ற நிலம் அவளுடைய காலுக்குக் கீழே இருந்தது. சீலைக்குச் சட்டை பொருந்தவில்லை என்றால் யது சொல்வாள். பாட்டில் சங்கதி பிசகினால் சொல்வாள். அதிகாரி சிரித்துக்கொண்டே மணிக்கூட்டைப் பார்க்கிறார் என்றாலும் சொல்வாள். அவ்வளவையும் நம்பித்தான் அவள் அதிகாரிகளோடு மல்லுக்கு நின்றாள்.

போன ஆவணியில் யதுவுக்குக் கலியாணம். கிளிநொச்சியில் ஏ-ஒன்பது வீதியோரத்து மண்டபம். தங்கச்சிக்கு முதலில் ஆகிறதே என்ற குறை கஜேந்தினிக்குத் துளியும் இல்லை. அவளுக்கு இருந்தது ஓர் ஆசைதான். தாலி கட்டியதும் மணவறைக்குப் பக்கத்தில் இருந்து தானே கட்டிய மங்களத்தை மத்தியமாவதி ராகத்தில் பாடவேண்டும். சபை பார்க்கவேண்டும். முழிவியளம் என்று வாயைத் திறந்த அத்தனை பேரும் பார்க்கவேண்டும்.

"நீங்கள் பாடாட்டி நான் கழுத்தை நீட்டமாட்டன்" என்று யது சொல்லியிருந்தாள். கஜேந்தினி அதை ஒன்றியத்திலும் சொல்லிவிட்டாள். நல்லதம்பிக்கு மனம் குளிர்ந்துபோனது. "அந்தப் படத்தை எங்கடை ஆண்டு மலரின்ரை அட்டையிலை போடவேணும், பிள்ளை. இனி ஆர் எங்களைச் செத்தவீட்டுக்கு மட்டும் கூப்பிடுறது எண்டு பாப்பம்" என்றார்.

கலியாணத்தன்று காலை லக்ஷன் அவளைக் கைப்பிடித்து அழைத்துப் போனான். மண்டபத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றினான். பிறகு இரண்டு படி ஏற்றி ஒரு கதிரையில் இருத்தி, ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தான்.

உட்கார்ந்த மறுகணமே அவளுக்கு எங்கோ பிசகிற்று. நாதசுரம் சுவருக்கு அப்பால் ஒன்றும் ஒலிபெருக்கியில் ஒன்றுமாக இரண்டு தரம் கேட்டது. ஓமப் புகை இல்லை. பூ வாசம் இல்லை. பவுடரும் தலைக்கு அடிக்கிற ஸ்பிரேயும் மணத்தன. அவள் விரலைச் சொடுக்கிப் பார்த்தாள். சத்தம் நாலு பக்கமும் முட்டிக்கொண்டு உடனே திரும்பி வந்தது. பத்தடிக்குப் பத்தடி இருக்கும்.

வளையல் சத்தத்தோடு யது வந்தாள், மணவறைக்குப் போகும் அவசரத்தில். குனிந்து அக்காவின் கன்னத்தைத் தொட்டாள்.

"யது, இது மேடைதானோ?"

கன்னத்திலிருந்த கை எடுபட்டது. "ஓம் அக்கா. வலப்பக்கம். மணவறையிலை இருந்து நாலடி. முன்னுக்குச் சனம் இருக்குது" என்றாள் யது. போய்விட்டாள்.

மக்கள் செய்கிற பிழைகளிலேயே இதைப்போல ஒரு பிழை இல்லை. கண் தெரியாதவளுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரியாது என்று நினைத்தார்களே! கண் தெரிகிறவர்களுக்குத்தான் கண்ணை மூடினால் இடம் தெரியாமல் போகும்.

ஊசி எடுக்க இரண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள். "இவாவை ஏன் இஞ்சை, உடுப்பு மாத்திற அறையிலை இருத்தியிருக்கினம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"மாப்பிள்ளையின்ரை தாய் இராசமலர் ஒத்துக்கொள்ளேல்லையாம். சத்தம் வந்தாக் காணும், முகம் வரக்கூடாது எண்டவாவாம். அவாக்கு விளங்கவா போகுது எண்டு தம்பிதான் இந்த ஒழுங்கு செய்தவர்" என்றாள் மற்றவள், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

கஜேந்தினியின் கையில் ஒலிவாங்கி இருந்தது. ஒரு சொல் சொன்னால் போதும், மண்டபம் முழுக்கக் கேட்கும். அதிகாரிகளைக் கிழித்துத் தோரணம் கட்டிய வாய் அது. கண்ணீர் வந்தது; துடைக்கவில்லை, அந்த அறையில் யார் பார்க்கப் போகிறார்கள். கெட்டிமேளம் எழுந்தது. தங்கச்சியின் கழுத்தில் தாலி ஏறுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. சுருதிப்பெட்டியைத் திறந்து, கட்டி வைத்த மங்களத்தை முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை, ஒரு சங்கதியும் குறைக்காமல் பாடினாள். மண்டபம் கைதட்டியதைச் சுவர் வழியாகக் கேட்டாள்.

மறுநாள் நல்லதம்பி போன் எடுத்தார். மண்டப வாசலில் பன்னிரண்டு படி. தூக்கிவிடுகிறோம் என்றவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவர் கீழேயே இருந்திருக்கிறார். "படியடியிலை இருந்து கேட்டனான், பிள்ளை. என்னாலை ஏறேலாமல் போச்சுது, நீ ஏறிட்டாய். எனக்கு அது காணும். படத்தை மறக்காமல் அனுப்பு" என்றார். அவளால் அவருக்கு உண்மையைச் சொல்ல முடியவில்லை. முதன்முறையாக அவளும் ஒருவருக்குப் புண்ணியம் செய்தாள்.

தங்கச்சிமேல் அவள் கோபப்படவில்லை. கலியாணம் நின்றுவிடுமோ என்ற பயம் பிள்ளைக்கு இருந்திருக்கும், மணவறைக்குப் போகிற அவசரத்தில் என்னத்தைச் சொல்வது. வருவாள், வந்து கையைப் பிடிப்பாள், உள்ளதைச் சொல்வாள் என்று காத்திருந்தாள். அம்மா செத்ததைச் சொன்ன பிள்ளைக்கு இது பெரிய விஷயமா? தகப்பன் சோறு போடும்போது அவளுடைய கோப்பையில் மட்டும் ஓர் அகப்பை கூடப் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து யதுவும் மாப்பிள்ளையும் வந்தார்கள். கலியாண வீடியோவைத் தொலைக்காட்சியில் போட்டார்கள். மாப்பிள்ளை தகப்பனோடு வயல் பார்க்கப் போய்விட, அக்காவும் தங்கச்சியும் மட்டும் இருந்தார்கள்.

"நல்லதம்பி அண்ணை என்ரை படம் ஒண்டு கேக்கிறார், யது. மேடையிலை இருக்கிற படம்."

"படங்கள் வடிவா வரேல்லை அக்கா. வெளிச்சம் காணாது" என்றாள் யது.

கெட்டிமேளம் முடிந்து மங்களம் தொடங்கியது. தன் குரலைத் தானே கேட்பது கஜேந்தினிக்குப் புதிதல்ல. முதல் அடியில் ஓர் இடத்தில் குரல் தழுதழுத்திருந்தது. கண்ணீர் விழுந்த இடம் அது. அவள் கையை நீட்டித் தங்கச்சியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்குக் கடற்கரை வழியில் இறுகிய அதே விரல்கள். சொல்லிவிடு மோனை, இப்பவாவது சொல்லிவிடு, நான் ஒன்றும் சொல்லமாட்டன் என்று மனம் கெஞ்சியது. கேள்வியாக வாயில் வந்தது வேறு.

"இப்ப நான் தெரியிறனோ?"

"ஓம் அக்கா. வலப்பக்கத்துக் கதிரையிலை. வடிவா இருக்கிறியள்."

"சனம் எத்தினை பேர் என்னைப் பாக்கினம்?"

யதுவின் விரல்கள் ஒருமுறை அசைந்தன. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் அக்கா" என்றாள்.

கஜேந்தினி தலையை ஆட்டினாள். பிடித்த கையை விடவில்லை. பாட்டு முடியும்வரை அப்படியே இருந்துவிட்டு, எழுந்து தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள்.

ஒன்றியத்தின் மலர் அட்டையில் படம் இல்லாமல் வந்தது. அடுத்த திருவிழாவில் அவளுக்கு மறுபடியும் ஆறு மணி மேடை கிடைத்தது. நல்லதம்பிக்கு இந்த முறை சீமெந்துச் சரிவு கட்டியிருந்தார்கள். யது புருஷன் வீட்டிலிருந்து வந்து, வழக்கம்போல அக்காவின் காதுக்குப் பக்கத்தில் நின்றாள். கஜேந்தினி சுருதிப்பெட்டியைத் திறந்தாள். சனம் எத்தனை என்று அவள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எந்த மேடையிலும் யாரிடமும் கேட்டதில்லை.