பாதி வெந்த சோறு

என் சமையலறையில் இருக்கும் வெண்கலப்பானையின் விளிம்பில் ஒரு விரிசல் உண்டு. எப்படி வந்தது என்று கேட்பவர்களிடம், மாடிப்படியில் இடித்துக்கொண்டது என்பேன். இடித்தது யார் என்று எவரும் கேட்டதில்லை. தூக்கி வந்தவர்கள் வீட்டுக்காரரின் ஆட்கள்தான். ஆனால் என்னைக் கேட்டால், இடித்தவர்கள் எங்கள் மனிதர்களே.

கல்கத்தாவில் பவானிப்பூர்ச் சந்து ஒன்றில் நான் புதிதாகக் குடித்தனம் வைத்த காலம். கீழே நாங்கள், மாடியில் மாமா, மாமி, அவர்களுடைய இரண்டு பெண்கள். மாமா ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. தெற்கிலிருந்து வந்து கல்கத்தா ஆபீஸ்களில் உத்தியோகம் பார்த்தவர்கள் சேர்ந்து அப்போது ஒரு சகாய நிதி வைத்திருந்தார்கள். வாடகை கொடுக்க முடியாமல் நம்மவர் யாரும் தெருவில் நிற்கக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். சம்பளம் வந்ததும் மாமா முதலில் எடுத்து வைப்பது நிதிக்கான பங்கைத்தான். "யாருக்காவது ஒரு சமயத்துக்கு ஆகும்" என்பார். அந்த யாரோ தம் வீட்டிலேயே இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது.

அந்த வருஷத்து மழைக்காலக் காய்ச்சலில் மாமா போய்விட்டார். மாமியை வழக்கப்படி மூலையில் உட்கார வைத்தார்கள். வருஷம் முடியும்வரை அவள் வாசற்படி தாண்டக் கூடாது, யார் கண்ணிலும் படக் கூடாது. வாடகை நின்றது. வீட்டுக்காரரின் குமாஸ்தா வந்து இரண்டொரு முறை நயமாகச் சொன்னான், பிறகு மிரட்டினான். என் கணவர் நிதியின் செயலாளரிடம் ஓடினார். அவரோ வெற்றிலையை மென்றுகொண்டே, "சகாயம் வேணும்னா நேர்ல வந்து, கூட்டத்துல வாய்விட்டுக் கேக்கணும். விதி அப்படி" என்றாராம்.

"அவ வெளியில வரக் கூடாதே, அண்ணா."

"அதுக்கு நான் என்ன பண்றது? விதியை நானா போட்டேன்?"

அவரேதான் போட்டார். ஏமாற்றுக்காரர்கள் புகுந்துவிடக் கூடாது என்று எழுந்து நின்று பேசி, அந்த விதியைக் கொண்டுவந்தவரே அவர்தான்.

இதை மாமியிடம் போய்ச் சொல்ல எனக்கு நாக்கு கூசியது. அவளோ, "தெருவுல நிக்கறதுக்கும் வாசப்படியைத் தாண்டித்தானேடி ஆகணும். போய்க் கேட்டுட்டே வந்துடறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் வீட்டுக் கூடத்தில் கூட்டம். நான் துணைக்குப் போனேன். தலையோடு முக்காடு போட்டுக்கொண்டு மாமி நிலைப்படியில் நின்று, "அண்ணா" என்று வாயெடுத்தாள். அவ்வளவுதான். ஒருவர் அங்கவஸ்திரத்தை உதறிக்கொண்டு எழுந்தார். பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். கூடம் காலியாயிற்று. செயலாளர் உத்தரத்தைப் பார்த்தபடி, "இன்னிக்கு ஆள் போறலை. அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார். வரச் சொன்னதும் அவர்கள். வந்தவளின் முகத்தைப் பார்த்தால் ஆகாது என்று ஓடியதும் அவர்கள்.

அடுத்த மாதம் வரை வீட்டுக்காரர் காத்திருக்கவில்லை. ஒரு நாள் காலை, உலை கொதித்துக்கொண்டிருக்கும்போது ஆட்கள் வந்தார்கள். பாய், பெட்டி, சுவாமி படம் எல்லாம் சந்துக்கு வந்தன. கரி அடுப்பில் தண்ணீரைக் கொட்டி அணைத்துவிட்டு, பானையைச் சாக்கில் பிடித்து இறக்கினார்கள். படியில் மோதிய சத்தம் கீழே எனக்குக் கேட்டது. பாதி வெந்த சோற்றைப் பார்த்தபடி இரண்டு பெண்களும் நின்றார்கள். என் அடுப்பும் அதற்குள் அணைந்திருந்தது. எதிர்வீட்டு வங்காளிப் பெண்மணி, நாங்கள் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுகிறவள், "பாச்சாரா கீ காபே?" என்றாள். குழந்தைகள் என்னத்தைச் சாப்பிடும் என்று கேட்டவள், பதிலுக்கு நிற்காமல் புடவைத் தலைப்பால் பானையைத் தூக்கிப்போய்த் தன் அடுப்பில் ஏற்றினாள். சோறு வெந்து வந்தது. மாமி தன் கையாலேயே பெண்களுக்குப் போட்டாள்.

அன்று சாயங்காலமே நிதிக் கூட்டம் கூடியது. ஆள் போதாமல் போகவில்லை. மீன் சமைக்கும் அடுப்பில் வெந்த சோற்றைத் தின்ற குடும்பத்துக்கு நிதியில் உரிமை இல்லை என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

மாமியின் தம்பி ஊரிலிருந்து வரும்வரை அவர்கள் எங்களோடு இருந்தார்கள். ஹவுராவில் ரயில் ஏறுமுன் பானையை என்னிடம் கொடுத்து, "இதுல இனிமே வடிக்க எனக்கு மனசு வரலை. நீ வெச்சுக்கோ" என்றாள். நான் இன்றுவரை அதில்தான் வடிக்கிறேன்.

போன வாரம் நிதியின் இப்போதைய செயலாளர் என் வீட்டுக்கு வந்தார், பழையவரின் பிள்ளை. நானும் இப்போது கணவனை இழந்தவள். ஆனால் அதனால் அவருக்குச் சகுனம் ஒன்றும் கெடவில்லை. நேருக்கு நேர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். நிதிக்குச் சொந்தக் கட்டடம் கட்டுகிறார்களாம், நன்கொடை வேண்டுமாம்.

"கஷ்டப்படறவா இன்னும் நேர்லதான் வந்து கேக்கணுமா?" என்றேன்.

"ஆமா மாமி. அப்பா போட்ட விதியாச்சே" என்றார் பெருமையாக.

உள்ளே அந்தப் பானையில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. "நேர்ல வந்து வாய்விட்டுக் கேட்டுட்டேள். ஆனா இன்னிக்கு ஆள் போறலை" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, சோறு வடிக்கப் போனேன்.