பாத்திக்கு எத்தனை வாளி

நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து என் கணவர் வீடு திரும்பியபோது டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார், கனமான எதையும் தூக்கக் கூடாது என்று. காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். உட்கார்ந்தே வேலை பார்த்தவர்தான், ஆனால் நகராத நாற்காலி அவருக்குப் பழக்கமில்லை. சாப்பாட்டைப் பாதியில் ஒதுக்கினார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

கன்னிவாடியிலிருந்து பார்க்க வந்த என் தம்பிதான் சமையற்கட்டுக்குப் பின்னால் செம்மண்ணைக் கொத்தி ஒரு பாத்தி போட்டான். எட்டடி நீளம், மூன்றடி அகலம். கத்தரி, மிளகாய் நாற்றுகளை நட்டுவிட்டு, "மாமா, இனி இது உங்க பொறுப்பு" என்று சொல்லிப் போய்விட்டான். பொறுப்பு அவருக்கு, சுமை எனக்கு. எங்கள் போர்வெல் வற்றிவிட்டது. குழாய்த் தண்ணீரை வாசலில் டிரம்மில் பிடித்து வைப்போம். அங்கிருந்து வீட்டுக்குள் புகுந்து கொல்லைக்கு வாளியைத் தூக்கிப் போக வேண்டும்.

"எம்புட்டுங்க ஊத்தணும்?"

"காலையில மூணு வாளி, சாயந்தரம் மூணு."

"ஆறா? நான் என்ன தண்ணி லாரியா?"

"சரி, அஞ்சு ஊத்து."

"ரெண்டுதான். வாடினா பாத்துக்கலாம்."

"ரெண்டு வாளி மொகங் கழுவக் காணாது."

பல நாளுக்குப் பிறகு அவர் என்னோடு சண்டை போட்டார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் ஆறு வாளியும் சுமந்தேன். அப்படியும் நாற்றுகள் மத்தியானமானால் தலையைத் தொங்கப் போட்டன. அவர் முகமும் கூடவே தொங்கியது.

ஒரு காலை பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள். "ஏம்மா, நீ ஊத்துற தண்ணியெல்லாம் எங்க வாழைக்குல்ல வருது! தண்டு தொடை மாதிரி ஆயிருச்சு. நல்லா இரு தாயி!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். மதிலுக்கு அடியில் ஈரக் கோடு. பாத்தியின் ஓரத்தில் கரண்டியால் தோண்டினேன். மேலே விரல்கடை அளவு சேறு. அதற்குக் கீழே மண் பொடிப்பொடியாக, அடுப்புச் சாம்பல் மாதிரி உலர்ந்து கிடந்தது. இத்தனை வாளியும் வேரை எட்டவே இல்லை.

"மாதாவே!" என்றேன். அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து குழியை எட்டிப் பார்த்தார். நான் அழுதுவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, என் முகத்தைப் பார்த்தார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவரும் நெஞ்சில் கையை அழுத்திக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தார்.

"வேகமாப் போயிருக்கோம்ல, அதான் வண்டி ஸ்டாப்புல நிக்கல" என்றார்.

அன்றே இறுகிய மேல்மண்ணைக் கிளறிவிட்டேன். சுற்றிலும் உயரமாக வரப்புக் கட்டினேன். இனி வாளியைக் கவிழ்ப்பதில்லை, சொம்பு சொம்பாக ஊற்றுவது என்று முடிவானது. யார் அவ்வளவு நேரம் உட்கார்ந்து ஊற்றுவது? நான் ஸ்கூலுக்கு வேலைக்குப் போக வேண்டியவள். அவர் என்னைப் பார்த்தார்.

மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "சார், சொம்பு தூக்கலாமா?"

டாக்டருக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். டாக்டர் சிரித்துவிட்டு, "தாராளமா. ரொம்பக் குனியாதீங்க" என்றார்.

நான் வாளியைக் கொண்டுபோய் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் வைப்பேன். அவர் ஒரு சொம்பு ஊற்றி, அது மண்ணில் இறங்கும்வரை காத்திருந்து, அடுத்த சொம்பு மொள்வார். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்துவார். முதல் நாள் ஒரு வாளி முடிந்ததும் தோண்டிப் பார்த்தோம், நாலு விரல் ஈரம். இரண்டாவது வாளிக்கும் ஈரம் வேர் வரை போகவில்லை. மூன்றாவது வாளி முடிந்து செத்த நேரம் கழித்துத் தோண்டினால், ஒரு சாண் ஆழத்துக்கு மண் கருத்துக் குளிர்ந்திருந்தது. அவர் ஆறு என்றார், நான் இரண்டு என்றேன், பாத்தி மூன்று கேட்டது.

மறுநாளும் வாளியோடு போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார். உள்மண்ணை ஒரு பிடி எடுத்து அழுத்திக் காட்டினார். உருண்டையாக நின்றது. "வேணாம். குடிச்சது இன்னும் வயித்துல இருக்கு." அதற்கடுத்த நாள் பிடித்த மண் உதிர்ந்தது. "இன்னைக்குக் கொண்டா." காய்ந்த சருகுகளைச் செடிக்கடியில் பரப்பிய பிறகு இன்னும் ஒரு நாள் தள்ளிப் போனது. காற்று பலமாக அடித்த வாரத்தில் மட்டும் சீக்கிரம் கேட்டது. தினமும் விடிந்ததும் அவர் கொல்லைக்குப் போய் மண்ணைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சமையற்கட்டு ஜன்னலில் வந்து செய்தி சொல்வார். அதைச் சொல்லிவிட்டு மற்ற கதையும் பேசுவார். எந்த ஊர் ஸ்டாப்பில் யார் கூடையோடு ஏறுவார்கள், எந்த வளைவில் மயில் குறுக்கே வரும் என்று. தோசை கருகுவதுகூடத் தெரியாமல் நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் முதல் கத்தரிக்காய்களை அவரே பறித்தார். ஊதா நிறத்தில், காம்பு முள் குத்தக் குத்த. எண்ணெயில் வதக்கி வைத்தேன். சோற்றைக் குறைத்துக்கொண்டு வெஞ்சனத்தையே இருவரும் அள்ளி அள்ளித் தின்றோம். சட்டியில் ஒட்டியிருந்ததை அவர் வழித்தெடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை.