இரும்புக்கடை வீட்டுப் பியானோ நாடகம்

சுதந்திரம் வந்த வருஷம், போனக்காட்டுப் பக்கம் மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை சொந்த ஊருக்குக் கப்பலேறினார். அவருடைய பங்களாச் சாமான்களை மொத்தமாகப் பேசி வாங்கியவர் என் அப்பா. சாலைக் கம்போளம் என்ற கடைத்தெருவில் அப்பாவுக்கு இரும்புக்கடை. கடைக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. கட்டில், தராசு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இறங்கிய லாரியில் ஒரு பியானோவும் இருந்தது. அதை எடுக்காவிட்டால் மற்றதும் கிடையாது என்று துரை சொல்லிவிட்டாராம்.

மற்றதெல்லாம் சீக்கிரம் விற்றுப்போனது. பியானோவை ஒருவரும் கேட்கவில்லை. ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே அப்பா அம்மாவிடம் சொன்னார்.

"சவம் சும்மாத்தானே கெடக்கு. பிள்ள படிக்கட்டும்."

எனக்கு அப்போது பத்து வயது. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை.

வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸில் வந்து கற்றுக்கொடுக்க ஓர் ஆங்கிலோ இந்திய டீச்சர் ஏற்பாடானார். ஒல்லியானவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், கோபக்காரர்; திட்டும்போது மலையாளம், இங்கிலீஷ் இரண்டும் வரும். வாசிக்கும்போது மணிக்கட்டு ஆடக் கூடாது என்பதற்காக என் இரண்டு புறங்கைகளிலும் ஒவ்வொரு வாசர் வைப்பார். போல்ட்டில் மாட்டுகிற அந்த இரும்பு வளையத்துக்கு எங்கள் கடையில் பஞ்சமில்லை. அது கீழே விழுந்தால் பாடம் முதலிலிருந்து தொடங்கும். ஆறு வருஷத்தில் அது எத்தனை முறை விழுந்திருக்கும் என்று என் கால்விரல்களைத்தான் கேட்க வேண்டும்.

மழைக்காலத்தில் கட்டைகள் ஊறிப்போய், அமுக்கினால் எழும்பாது. அப்பா ஆர்மோனியம் பழுது பார்க்கிறவரைக் கூட்டிவந்தார். அவர் மூடியைத் திறந்து வெகுநேரம் உள்ளே பார்த்துவிட்டு, "இதுக்குக் காத்து எங்கேருந்து வருகு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். இருந்தாலும் ஆணி வாங்க வந்தவர்களையெல்லாம் அப்பா உள்ளே அழைத்து, என்னை வாசிக்கச் சொல்வார். அவர்கள் கையில் ஆணிப் பொட்டலத்தோடு நின்றபடி கேட்பார்கள். எனக்கு அழுகை வரும், வாசிப்பேன்.

பதினாறு முடிந்ததும் நாகர்கோவில் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அப்பா என்னைப் பியானோ முன்னால் உட்கார வைத்தார். விரல் பழகுவதற்கான ஒரு பாடத்தை வாசித்தேன். மாப்பிள்ளையின் அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுல முருகன் பாட்டு வருமா?" என்றார்.

"எல்லாம் வரும்" என்றார் என் அப்பா. எனக்கு ஒன்றுகூட வராது.

"கல்யாணத்துக்குப் பொறவு இது எங்க வீட்டுக்கு வருமோ?"

"பிள்ளையோட வரும்."

மாப்பிள்ளையின் அப்பா பியானோவின் அகலத்தைச் சாண் போட்டுப் பார்த்தார். "எங்க வாசல் ஒடுக்கம். நாங்க அளந்து பாத்துச் சொல்லுகோம்."

நான் சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. அவர்கள் போனபின் அப்பா கேட்டார்: "என்னத்துக்காக்கும் இளிச்சே? மானம் போச்சு." வாசல் ஒடுக்கமாக இருந்தால் எனக்குக் கல்யாணம் இல்லை என்பதில் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. என் உயரத்தையும் நிறத்தையும் பற்றிப் பேசியதைவிட அந்த வீட்டு வாசலைப் பற்றித்தான் அன்று அதிகம் பேசினார்கள்.

அந்த வருஷம் நான் இன்டர்மீடியட் முதல் வருஷத்தில் இருந்தேன். கல்லூரி ஆண்டு விழாவுக்குத் தமிழ் நாடகம் வேண்டும் என்றார்கள். நடந்ததை நடந்தபடி நான்கே நாளில் எழுதினேன். துரை, லாரி, வாசர், ஆர்மோனியக்காரர், பெண் பார்க்க வந்தவர்கள், எல்லாம் இருந்தன. டீச்சர் வேஷம் ஒரு தோழிக்கு. அப்பா வேஷம் எனக்கு.

எழுதும்போதே பயம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் ஒத்திகையில் வகுப்பு முழுக்கச் சிரித்தபோது, ஆறு வருஷமாக என் விரலைத் தேய்த்ததற்கு இப்போதுதான் ஏதோ கிடைத்தது என்று தோன்றியது.

சித்தப்பா மகள் அதே கல்லூரி. வீட்டுக்குச் செய்தி போயிற்று.

"மீச வச்சு, வேட்டி கெட்டி, என் சங்கதிய நாலு பேரு முன்ன ஆடப்போறியோ?" என்றார் அப்பா.

"ஒங்க சங்கதி மட்டும் இல்லப்பா. என் சங்கதியும்தான்."

"அந்த மாப்பிள வீட்டுக்காரங்க காதுல விழுந்தா?"

"விழட்டும்."

"ஆடப்பிடாது. அம்புட்டுதான்."

"ஆடுவேன்."

அவர் கூடாது என்றதைச் செய்வேன் என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. படிப்பை நிறுத்திவிடுவேன் என்றார். "நிறுத்துங்க. விழா முடிஞ்ச பொறவு நிறுத்துங்க" என்றேன். அம்மா அடுப்படி வாசலில் பாத்திரத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தமிழ் ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார். என் அப்பா அவரையும் போய்ப் பார்த்துப் பேசியிருக்கிறார். "அப்பா வேஷத்தை மாமா என்று மாற்றிவிடேன். ஒரு வார்த்தைதானே" என்றார் தணிவாக. அவர் நல்லவர், என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஆனால் பியானோ வாங்கியது மாமா இல்லை. மாற்ற மாட்டேன் என்றேன். அவர் காகிதத்தைப் புரட்டிவிட்டு, "சரி, பேரெல்லாம் இல்லையே" என்று கையெழுத்துப் போட்டார்.

விழாவுக்கு அப்பா வரவில்லை. அம்மா வந்தாள், வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன். டீச்சரையும் அழைத்திருந்தேன்; அவர் முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வியர்வையில் என் மீசை பாதியில் கழன்றது. அதைக் கையில் பிடித்துக்கொண்டே, "எல்லாம் வரும்" என்ற வசனத்தைச் சொன்னேன். கூரை பறந்துபோகும்படி சிரித்தார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"மோளே, நீ என்ன மலையாளத்தில மாத்திரம் சீத்த சொல்ல வச்சு. ஞான் இங்கிலீஷ்லயும் சொல்லியிட்டுண்டல்லோ. அத எந்தினு விட்டே?"

மன்னிப்புக் கேட்கத் தயாராக வைத்திருந்த வார்த்தைகள் எனக்கு மறந்துபோயின. அடுத்த முறை இங்கிலீஷ் திட்டையும் சேர்க்கிறேன் என்றேன். தலையசைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

நாகர்கோவில் சம்பந்தம் நின்றது. வாசல் ஒடுக்கம் என்றே சொல்லி அனுப்பினார்கள். அப்பா என் படிப்பை நிறுத்தவில்லை. பியானோவைத்தான் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார். அதை எனக்குத் தண்டனை என்று நினைத்துச் செய்தார். வண்டியில் ஏற்றியபோது நான் நின்று பார்த்தேன், கண் கலங்கவில்லை. டீச்சருக்கு வாரம் இரண்டு நாள் சம்பளம் போயிற்றே என்பதுதான் உறுத்தியது. நாடகம் பார்த்த பெண்களில், வீட்டில் பியானோ இருந்த இரண்டு பேருக்குக் கற்றுக்கொள்ளும் ஆசை வந்திருந்தது. அவர்கள் வீடுகளுக்கு நானே டீச்சரைக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டேன்.

அப்பா நான்கு மாதம் என்னோடு பேசவில்லை. பேசாதவரிடம் நானும் போய்க் குழையவில்லை. ஒருநாள் சாப்பாட்டின்போது சுவரைப் பார்த்து அம்மாவிடம் கேட்டார்: "நான் அப்படியா பேசுகேன்? அவகிட்ட கேளு."

அம்மா என்னைப் பார்த்தாள்.

"அப்படித்தான் பேசுகிய" என்றேன் நானே.

அவர் மோரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டு எழுந்தார். "கையெழுத்துப் பிரதி இருக்கா?" என்று கை கழுவும் இடத்திலிருந்து குரல் வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்ததாக அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த வருஷ விழாவுக்கு, அப்பா இல்லாத நாடகமாக எழுதும்படி ஆசிரியை கேட்டுக்கொண்டார். அப்பாவை விடவில்லை; அம்மாவையும் சேர்த்து எழுதினேன்.