மோதல் பலகையில் எழுதாத வரி

சௌமியாவுக்குப் பொய் சொல்ல வராது. நல்ல குணம்தானேன்னு அவசரப்படாதீங்க. உண்மையும் அவளுக்கு நேரத்துக்கு வராது.

திருச்செங்கோட்டுல ஒரு ஸ்கேன் சென்டர்ல கம்ப்யூட்டர் வேலை பாக்கறா. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி, தெனமும் காலையில ரெண்டு மணி நேரம் 'ஊத்துக்கண்' வேலை. போர் போட்டா எத்தனையாவது அடியில பாறை, எத்தனையாவது அடியில தண்ணின்னு பதியற இலவச மென்பொருள் அது. யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம், திருத்தி அனுப்பலாம். வர்ற திருத்தத்தையெல்லாம் சரிபாத்து ஒண்ணாச் சேர்க்கறது சௌமியா பொறுப்பு. சேலம் அரிசிபாளையத்துல இருந்து திருத்தி அனுப்பற பல பேர்ல நானும் ஒருத்தி. என் பேரு ஜெர்லின்.

ஒரே ஃபைல்ல, ஒரே எடத்துல ரெண்டு பேரு கை வெச்சா, எதை வெச்சுக்கறதுன்னு தெரியாம கம்ப்யூட்டர் நின்னுடும். கொடுமை என்னன்னா, சேர்க்கற அன்னைக்குத்தான் அது வாயைத் திறக்கும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் மாசக்கணக்கா மாடா உழைச்சிட்டிருக்கலாம். அதனால, மோதும்னு முன்னாடியே தெரிஞ்சா எழுதி வைக்க ஒரு பக்கம் வெச்சிருக்கோம். மோதல் பலகைன்னு பேரு. அதை ஆரம்பிச்சதே இந்த மகராசிதான்.

போன அக்டோபர்ல காளிதாஸ் அவளைக் கூப்பிட்டிருக்கான். எருமப்பட்டிப் பையன், ஒம்பது வருஷமா போர் வண்டியில வேலை. அப்போ சத்தீஸ்கர்ல எங்கேயோ ஒரு காட்டுல நின்னுட்டிருந்தான். அந்த எஞ்சின் சத்தத்துல ஒரு காது பாதி போச்சு. லாரி நிக்கற எடத்துல லேப்டாப்பைத் திறந்து தானாவே கத்துக்கிட்டவன். மண்ணு, பாறை, ஊத்து எல்லாத்தையும் அடுக்கடுக்காப் படமாக் காட்டற மாதிரி நம்ம மென்பொருளை மாத்திட்டிருக்கேன்னு சொல்லியிருக்கான். டிசம்பர் இருபதுக்குள்ள அது சேர்ந்துட்டா கோயமுத்தூர்ல ஒரு கம்பெனி வேலை தர்றதாச் சொல்லியிருந்தது.

"யாருகிட்டயும் சொல்லிராதீங்க்கா. மொதலாளி காதுக்குப் போச்சுன்னா பாதி வழியிலயே எறக்கி உட்ருவாருங்க."

"சொல்ல மாட்டேஞ்சாமி."

அடுத்த மாசம் நான் அவகிட்ட சொன்னேன், ஆழத்தையெல்லாம் அடியில இருந்து மீட்டருக்கு மாத்தறேன்னு. காளிதாஸ் கை வெச்சிருந்த அதே ஃபைல். "சரிங்க்கா"ன்னா. அவ்வளவுதான், வேற ஒரு வார்த்தை இல்ல!

அவ அப்பா மருதாசலம் போர் வண்டியில டிரில்லர். தண்ணி கண்ணுல படற வரைக்கும் அந்த வண்டிக்காரங்க வாயில அடிக்கணக்கு வராது, சொன்னா தண்ணி ஓடிப்போயிரும்னு ஒரு நம்பிக்கை. ஆறு வயசுல சௌமியா போர் போடற எடத்துக்குப் போயி, "எத்தனை அடியிலப்பா தண்ணி வரும்?"னு கேட்டிருக்கா. எண்ணூறு அடி வரைக்கும் வெறும் புழுதி. வந்து வெச்சாரு ஒரு அறை. அன்னைக்கு மூடின வாய். ஒரு வேலை முடியறதுக்கு முன்னாடி அதைப் பத்திப் பேசினா அது கெட்டுப்போயிரும்னு முப்பது வயசுலயும் உள்ளுக்குள்ள நடுக்கம். படிச்சவதான், என்ன பண்றது!

நான் மட்டும் லேசுப்பட்டவளா? கிறிஸ்துமஸ் வேலை தொடங்கறதுக்குள்ள முடிச்சாகணும்னு பறந்து முடிச்சு அனுப்பிட்டேன். ரெண்டு வாரமா அவ சேர்க்கவே இல்ல. கேட்டா, "பாத்துட்டிருக்கேனுங்க." எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. "முடியலைன்னா விட்டுட்டுப் போ, வேற யாராவது பாக்கட்டும்"னு எல்லாரும் இருக்கற குழுவிலயே போட்டுட்டேன். காளிதாஸோட மொதலாளிக்கு மேனேஜரா இருக்கறவரும் அந்தக் குழுவில உண்டு. அவ என்னன்னு பதில் சொல்லுவா? மறுநாள் காலையில என்னோடதைச் சேர்த்துட்டா.

டிசம்பர் பதினஞ்சாந் தேதி காளிதாஸுக்கு சிக்னல் கெடச்சு, அவனோடதை அனுப்பினான். அறுபத்திமூணு எடத்துல மோதி நின்னுது.

அன்னைக்கே சௌமியா பஸ் ஏறி எங்க வீட்டுக்கு வந்துட்டா. செருப்பைக்கூடக் கழட்டாம வாசல்லயே நின்னு எல்லாத்தையும் கொட்டினா. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல.

"வேலைக்குப் போறான்னா எழுதச் சொன்னேன்? 'இந்த ஃபைல்ல காளிதாஸ் வேலை செய்யறான், கொஞ்சம் நில்லுங்க'ன்னு ஒரு வரி! நான் நின்னிருக்க மாட்டேனா?"

"கை வரலீங்க்கா. எழுதலாம்னு தெனமும் அந்தப் பக்கத்தைத் திறப்பேன், மூடிருவேன்."

என்னோடதைப் பிடுங்கி எறின்னேன். அதுவும் முடியாதுன்னா. அதுக்குள்ள நாப்பது ஊர்க்காரங்க மீட்டர்ல பதிய ஆரம்பிச்சுட்டாங்க, எடுத்தா அத்தனை பதிவும் நாசம். அஞ்சு நாள் லீவு போட்டு எங்க வீட்டு சாப்பாட்டு மேசையில ரெண்டு பேரும் ஒவ்வொரு எடமா ஒட்டிப் பாத்தோம். இருபதாந் தேதி சாயங்காலம் இன்னும் இருபத்தாறு பாக்கி. கம்பெனி வேற ஆளை எடுத்துக்கிச்சு.

காளிதாஸ் கூப்பிட்டான். சௌமியா ஸ்பீக்கர்ல போட்டா. பின்னாடி அந்தப் பாழாப்போன எஞ்சின் சத்தம்.

"ரெண்டும் மோதும்னு உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க்கா?"

"கார்த்திகையிலயே தெரியும் சாமி."

அவன் கத்துவான்னு நெனச்சேன். கத்தியிருந்தாப் பரவால்ல. "செரிங்க்கா, வண்டியில கூப்பிடறாங்க"ன்னு வெச்சுட்டான்.

அவ இந்தப் பொறுப்பை விட்டுடறேன்னு ரெண்டு தடவை எழுதி, ரெண்டு தடவையும் அழிச்சுட்டா. எப்படி விடுவா? நாங்க ஒட்டுப்போட்டது சரியா ஓடாததால அவன் மறுபடியும் முதல்ல இருந்து எழுதிட்டிருக்கான், இந்தத் தடவை மீட்டர்ல. அவ போயிட்டா அதைச் சரிபாத்துச் சேர்க்க ஆளில்ல. அவன் லாரியை விட்டு எறங்கறவரைக்கும் அவளும் நகர முடியாது.

தெனமும் காலையில எழுத உக்கார்றதுக்கு முன்னாடி அவன் ஒரு செய்தி அனுப்பறான். கோவமெல்லாம் இல்ல, மரியாதையாத்தான் கேக்கறான்: "அக்கா, இதுல வேற யாராச்சும் கை வெச்சிருக்காங்களாங்க?"

தெனமும் அவ "இல்ல சாமி"ன்னு அனுப்பறா. அவன் தெனமும் கேக்கறான்.